தாங்கா 1914: தேனீக்கள் மீதும் சிப்பாய்கள் மீதும் விழுந்த பழி

முதல் உலகப் போரைப் பற்றிய புத்தகங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சில பக்கங்கள் கிடைத்தாலே அதிகம். அந்தப் பக்கங்களில் தாங்கா என்ற துறைமுக ஊரின் பெயர் வந்துவிட்டால், கூடவே இரண்டு கதைகளும் வந்துவிடும். தேனீக்கள் ஒரு பிரிட்டிஷ் படையையே விரட்டியடித்தன என்பது ஒன்று. இந்தியச் சிப்பாய்கள், அதிலும் மதராஸ் பட்டாளத்தார், துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பது மற்றொன்று. முதல் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லிப் பழிக்கிறார்கள். அந்தப் பழியில் முதலில் அடிபடும் பெயர் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அதனால் இதைத் துருவிப் பார்க்க நமக்குக் கூடுதல் காரணம் உண்டு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாங்கா இன்றைய தான்சானியாவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. அன்று அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஊர். அதைப் பிடிக்க இந்தியாவிலிருந்து மேஜர் ஜெனரல் ஏய்ட்கன் தலைமையில் சுமார் 8,000 பேர் போனார்கள். 1914 நவம்பர் 2 இரவு தொடங்கிய தரையிறக்கம், 5ஆம் தேதி மிச்சப்பட்டவர்கள் கப்பலேறுவதோடு முடிந்தது. எதிரில் நின்ற ஜெர்மானியரும் அவர்களுடைய ஆப்பிரிக்க அஸ்காரி வீரர்களும் உச்சக்கட்டத்திலேயே ஏறத்தாழ 1,000 பேர். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக எண்ணூறுக்கு மேல். ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் எழுபது பேர் அளவில்.

எட்டு மடங்கு பெரிய படை எப்படித் தோற்றது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வாதம் 1: தேனீக்கள்தான் போரின் போக்கை மாற்றின

தேனீக்கள் கொட்டியது உண்மை. நவம்பர் 4 பிற்பகலில் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் மரங்களில் இருந்த கூடுகள் கலைந்தன. 98ஆவது இன்ஃபன்ட்ரி வீரர்கள் அதில் சிதறினார்கள். ஆனால் தேனீக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் கிடையாது. தங்கள் இயந்திரத் துப்பாக்கிகளில் சிலவும் தேனீக்களால் செயலிழந்ததாக ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் தம் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஜெர்மானியர் கம்பி கட்டித் தேனீக்களை ஏவிவிட்டதாக அன்று பரவிய கதை, தோற்றவர்களின் மானத்தைக் காக்க உதவியது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

காலவரிசையும் இந்த வாதத்துக்கு எதிராக இருக்கிறது. முதல் தாக்குதல் முறிந்தது நவம்பர் 3 காலையில். அன்று தேனீ எதுவும் வரவில்லை. மறுநாள் படையின் முதுகெலும்பை முறித்த அடி, இடது ஓரத்தில் இருந்த 101ஆவது கிரனேடியர்ஸ் மீது லெட்டோ-ஃபோர்பெக் பக்கவாட்டிலிருந்து தொடுத்த எதிர்த்தாக்குதல். அதை நடத்தியவை மனிதர்கள் கையில் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள்.

வாதம் 2: மதராஸ் சிப்பாய்களுக்குப் போர்க்குணம் இல்லை

63ஆவது பாளையங்கோட்டைப் பட்டாளம் நவம்பர் 4 அன்று கலைந்து ஓடியது. இதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி, ஏன் ஓடியது என்பதுதான்.

அன்று எளிதாகக் கிடைத்த பதில் இனம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கொள்கையை ராணுவத்தின் வேதமாகவே ஆக்கிவிட்டுப் போனார். மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மிஞ்சியவற்றுக்குப் போர் அனுபவமும் நல்ல ஆயுதமும் கடைசியாகத்தான் வந்தன. அப்படி வைத்திருந்துவிட்டு, தாங்காவில் அவர்கள் தடுமாறியதும், "பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே" என்றார்கள்.

அந்தக் கொள்கை சரி என்றால், வீர இனம் என்று பட்டியலிடப்பட்டவர்கள் நின்றிருக்க வேண்டும். நவம்பர் 3 காலையில் முன்னேறியவை இரண்டு பட்டாளங்கள்: 13ஆவது ராஜபுத்திரர், மதராஸைச் சேர்ந்த 61ஆவது பயனியர்ஸ். இரண்டும் ஒரே சூட்டில், ஒரே காலையில் பின்வாங்கின. இத்தனைக்கும் பயனியர்ஸ் என்பது சாலை போடவும் அகழி வெட்டவும் பழக்கப்பட்ட படை. அதை முதல் அலையாக அனுப்பியது சிப்பாயின் முடிவு அல்ல. மறுநாள் ஊருக்குள் நுழைந்து சண்டையிட்ட காஷ்மீர் ரைஃபிள்ஸும், ஆங்கிலேயப் படையான லாயல் நார்த் லங்காஷயரும்கூடக் கடைசியில் பின்வாங்கத்தான் வேண்டியிருந்தது. வங்கம், மதராஸ், பம்பாய், இங்கிலாந்து என்று எங்கிருந்து வந்திருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

இனத்தை விட்டுவிட்டு அந்த வீரர்களின் நிலையைப் பாருங்கள். செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இந்தியப் பெருங்கடலில் சுற்றிக்கொண்டிருந்ததால், பம்பாயில் கப்பலேறியவர்கள் துறைமுகத்திலேயே இரண்டு வாரத்துக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். அக்டோபர் 16 அன்றுதான் கப்பல்கள் கிளம்பின. பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் கடல். மொம்பாசாவில் இறக்கி ஓய்வு தரலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய கால்களோடு, நடுப்பகல் வெயிலில், முன்னே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துச் சொல்லாத புதர்க்காட்டிலும் இரப்பர் தோட்டத்திலும் நடக்கவிட்டார்கள். பக்கத்துப் பட்டாளம் எங்கே இருக்கிறது என்பதும் புதரில் தெரியாது. எதிரியின் சூடு தொடங்கும்போது பக்கத்தில் யாருமே இல்லை என்று நினைக்கும் படை எந்த ஊர்ப் படையாக இருந்தாலும் கலையும்.

இந்தப் பழிக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. பிரிட்டிஷ் உளவு அதிகாரி மைனட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பு 1960இல் நூலாக வந்தது. சிப்பாய்களை இழித்துப் பேசும் விவரங்களில் பல அதிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அவர் பறவை மாதிரிகளைத் திருடி, பொய்யான குறிப்புச் சீட்டு ஒட்டியவர் என்பதைப் பறவையியலாளர்கள் பின்னர் நிறுவினார்கள். நாட்குறிப்பையும் அவர் பிற்காலத்தில் திருத்தி எழுதியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் ஒற்றைச் சாட்சியை வைத்து ஒரு பட்டாளத்தைத் தூக்கிலிட முடியாது.

வாதம் 3: லெட்டோ-ஃபோர்பெக்கின் மேதைமைக்கு முன் யாரும் நின்றிருக்க முடியாது

அவர் திறமைசாலி. ஆனால் அவருடைய வேலையில் பாதியை எதிரியே செய்து கொடுத்தான்.

நவம்பர் 2 காலையில் தாங்காவில் இருந்தது ஒரு கம்பெனி அளவு படைதான். அன்றே மொத்தமாக இறங்கியிருந்தால் ஊர் கைக்கு வந்திருக்கும். ஆனால் ஆகஸ்டில் கடற்படை அதிகாரிகள் தாங்காவோடும் தாருஸ்ஸலாமோடும் உள்ளூர் அளவில் ஒரு சண்டை நிறுத்த ஒப்பந்தம் செய்திருந்தார்கள். லண்டனிலிருந்த கடற்படைத் தலைமை அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஃபாக்ஸ் போர்க்கப்பலின் தலைவர் கால்ஃபீல்டு, முன்னறிவிப்பு தராமல் தாக்குவது முறையல்ல என்று பிடிவாதமாக நின்றார். தனியாகத் துறைமுகத்துக்குப் போய், ஒப்பந்தம் முடிந்தது, சரணடையுங்கள் என்று மாவட்ட அதிகாரி அவுராகரிடம் சொன்னார். கடலில் கண்ணிவெடி உண்டா என்றும் கேட்டார். அவுராகர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கரைக்குப் போனவர், செய்தி அனுப்பிவிட்டுச் சீருடை போட்டுக்கொண்டு சண்டையில் சேர்ந்துவிட்டார்.

கடற்படை தன் நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டது. தரைப்படையின் திடீர்த் தாக்குதல் அங்கேயே செத்தது. பிறகு, இல்லாத கண்ணிவெடிகளைத் தேடிக் கடலை அரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிவெடிப் பயத்தில் துறைமுகத்தைத் தவிர்த்து, ஊருக்குக் கிழக்கே ராஸ் கசோனே முனைக்கருகே இரவில் இறக்கினார்கள். கிடைத்த நேரத்தில் லெட்டோ-ஃபோர்பெக் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மோஷியிலிருந்து உசம்பாரா ரயிலில் படையை ஏற்றி அனுப்பிவிட்டார். கிளிமஞ்சாரோ பக்கம் லோங்கிடோவில் இன்னொரு பிரிட்டிஷ் தளபதியான ஸ்டூவர்ட் நவம்பர் 3 அன்று தாக்கியது, ஜெர்மானியரை அங்கே கட்டிப்போடுவதற்காக. அந்தத் தாக்குதலும் அன்றே முறிந்தது. இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கவில்லை.

மேதைமை வாதத்தை முற்றிலும் உடைக்கும் செய்தி ஒன்று உண்டு: தாங்கா இரண்டு இரவுகள் கிட்டத்தட்டக் காலியாகவே கிடந்தது. நவம்பர் 3 சண்டைக்குப் பிறகு, மறு தாக்குதலைத் தாங்க முடியாது என்று அஞ்சிய ஜெர்மானியர் காவல் ஆட்களை மட்டும் விட்டுவிட்டு ஊருக்கு மேற்கே ஒதுங்கினார்கள். விடியுமுன் ரயிலில் வந்திறங்கிய லெட்டோ-ஃபோர்பெக், சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமே ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கரையில் ஆயிரக்கணக்கான வீரர்களை வைத்திருந்த ஏய்ட்கன் ஒரு வேவுக்குழுவைக்கூட ஊருக்குள் அனுப்பவில்லை. நவம்பர் 4 இரவு, ஊது கொம்பு ஒலியைத் தவறாகப் புரிந்துகொண்ட ஜெர்மன் படை மறுபடியும் ஊரைவிட்டு மேற்கே போய்விட்டது. குழப்பம் அவர்களிடமும் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ள இந்தப் பக்கத்தில் யாருக்கும் அது தெரியாது. ஏய்ட்கன் அந்நேரம் கப்பலேறும் உத்தரவைத் தந்துகொண்டிருந்தார்.

வாதம் 4: ஏய்ட்கன் ஒருவரின் மடமைதான் காரணம்

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம் இது. பிரிட்டிஷ் அரசும் இதைத்தான் விரும்பியது. ஏய்ட்கன் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார், பிறகு எந்தப் படையும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்த தவறுகள் பெரியவை. அந்த நாட்டுக் காடு தெரிந்த கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் உதவிக்கு வரத் தயாராக இருந்தும் வேண்டாம் என்றார். 28ஆவது மலைப் பீரங்கிப் படையைக் கரையிறக்காமல், கப்பல் தளத்திலிருந்தே சுடவிட்டார். அங்கிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரியும். நம் ஆட்கள் எதுவரை போயிருக்கிறார்கள் என்று பீரங்கிக்காரருக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. ஃபாக்ஸின் பெரிய பீரங்கிகளுக்கும் அதே கதி.

ஆனால் கால்ஃபீல்டு ஏய்ட்கனுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். கடற்படைக்கும் தரைப்படைக்கும் பொதுவான தலைவர் அந்தக் கரையில் யாருமே இல்லை. படையெடுப்பு இந்திய அலுவலகத்தின் பொறுப்பு. அண்டையில் இருந்த பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கா குடியேற்ற அலுவலகத்தின் பொறுப்பு. கப்பல்கள் கடற்படைத் தலைமையின் பொறுப்பு. போர் அலுவலகமோ பிரான்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோல்விக்குப் பிறகு, நவம்பர் 22 அன்றுதான் போர் அலுவலகம் அந்தப் போர்முனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அமைப்பில்தான் கோளாறு என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. நான்கு அலுவலகங்களின் தவறையும் ஒருவர் தலையில் கட்டியதால் அந்த நான்கும் கேள்வி இல்லாமல் தப்பின.

வாதம் 5: கடலிலிருந்து இறங்கும் படைக்கு இப்படித்தான் ஆகும்

தரையிறக்கம் கடினமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1915 ஜூனில் விக்டோரியா ஏரியைக் கடந்து புகோபாவில் இறங்கிய படை இரண்டு நாளில் ஊரைப் பிடித்தது. தலைமை தாங்கியவர் லோங்கிடோவில் தோற்ற அதே ஸ்டூவர்ட். படையில் தாங்காவில் தோற்ற அதே லாயல் நார்த் லங்காஷயர் வீரர்கள் இருந்தார்கள். இந்தியர்களும் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸும் கூடச் சென்றார்கள். முதலில் குறித்த இடத்தில் எதிரி விழித்துக்கொண்டான் என்று தெரிந்ததும் ஸ்டூவர்ட் இறங்கும் இடத்தையே மாற்றினார். எதிரி அங்கே சிறுபடை என்பது உண்மைதான். தாங்காவில் முதல் நாள் இருந்ததும் சிறுபடைதான்.

இதன் மறுபக்கத்தை அதே ஆண்டு ஆகஸ்டில், கலிப்போலியின் சுவ்லா விரிகுடாவில் பார்க்கலாம். இருபதாயிரத்துக்கு மேல் பிரிட்டிஷ் வீரர்கள் இறங்கினார்கள். எதிரில் 1,500 துருக்கியர் அளவே. தளபதி ஸ்டாப்ஃபோர்டு கப்பலிலேயே இருந்தார். குன்றுகளைப் பிடிக்க வேண்டிய படை கடற்கரையில் காத்துக் கிடந்தது. அதற்குள் துருக்கியின் துணைப்படை வந்துவிட்டது. இறங்கியவர்கள் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் சேர்ந்தவர்கள். மதராஸ் சிப்பாயைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டதால், தாங்கா கற்பித்த பாடத்தை ஒன்பது மாதத்துக்குப் பிறகும் யாரும் படித்திருக்கவில்லை.

தாங்காத் தோல்விக்கு விலையும் உண்டு. தாங்காவில் கைவிட்டு வந்த 16 இயந்திரத் துப்பாக்கிகளும், மூன்று கம்பெனிக்குப் போதுமான நவீன துப்பாக்கிகளும், சுமார் ஆறு லட்சம் தோட்டாக்களும் பழைய ரகத் துப்பாக்கிகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த லெட்டோ-ஃபோர்பெக்குக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் சரணடைந்தது 1918 நவம்பர் 25 அன்று, ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்து. அந்த நான்கு ஆண்டுகளில் இரு தரப்புக்கும் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரக்கணக்கில் நோயிலும் பசியிலும் மாண்டார்கள். தாங்காவுக்கு யாரைப் பழிப்பது என்று கேட்பவர்கள், ஓடிய சிப்பாயிடம் நின்றுவிடக் கூடாது. அவனைக் கரையில் இறக்கிய கப்பலுக்கும், கப்பலை அனுப்பிய அலுவலகங்களுக்கும் போய்க் கேட்க வேண்டும்.