காது இனிப் போதாது, மீற்றரை எடுங்கள்

சுவிஸ் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி 2024 டிசம்பர் 31 அன்று தன் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. தனியார் வானொலிகளுக்கு 2026 இறுதி வரை அனுமதி தரப்பட்டது. அதையும் நீட்டிக்க வேண்டும் என்ற குரல் பேர்ணில் நாடாளுமன்றம் வரை போனது. அந்த அரசியல் எப்படி முடிந்தாலும் நம் கராஜ்களுக்கு வந்து சேர்ந்த வேலை ஒன்றுதான்: பழைய கார்களுக்கு டிஜிட்டல் வானொலியான டாப் பிளஸ் பொருத்துவது. அடப்ரர், ஒட்டும் அன்ரெனா, புது ரேடியோ என்று அவசரத்தில் பொருத்தியவை இப்போது முறைப்பாடுகளாகத் திரும்பி வருகின்றன. “தம்பி, ரேடியோ இடையில இடையில நிக்குது” என்பதுதான் எல்லோரும் சொல்வது.

இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. பண்பலைக் காலத்தில் கோளாறு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி என்றால் ஓல்ரனேற்றரைச் சந்தேகிப்போம்; பெரும்பாலும் ரேடியோவும் அம்பிளிபயரும் வெவ்வேறு இடத்தில் ஏர்த் ஆகி, சிக்னல் வயரின் உறை வழியாக மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். டக் டக் என்றால் இக்னிஷன். ஓயாத இரைச்சல் என்றால் அன்ரெனா. காதை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

டாப் பிளஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதன் பிழைதிருத்தக் குறியீடு இடையூறை ஓர் எல்லை வரை முழுதாக மறைக்கிறது. எல்லை தாண்டியதும் ஒலி அப்படியே அறுந்துவிடுகிறது. ஏர்த் தளர்ந்தாலும், அன்ரெனாவுக்கு மின்சாரம் போகாவிட்டாலும், பக்கத்தில் மலிவான சார்ஜர் ஒன்று இடையூறு கிளப்பினாலும் வாடிக்கையாளருக்குக் கேட்பது அதே மௌனம். அதனால் ரேடியோவை மாற்றிப் பார்க்கிறோம். புது ரேடியோவும் அதே வயரில், அதே அன்ரெனாவில் தொங்குகிறது. இரண்டு வாரத்தில் அதே கார் வாசலில் நிற்கிறது.

அடப்ரர் பொருத்திய காரில் முதலில் பாதையைப் பிரியுங்கள். அடப்ரர் டாப் பிளஸ்ஸை வாங்கி, சிறு பண்பலை அலையாகப் பழைய ரேடியோவுக்கு அனுப்புகிறது என்றால் அங்கே இரண்டு பாதைகள் உண்டு. ஒலி அறுந்தால் கோளாறு முதல் பாதையில். இரைந்தால் இரண்டாவதில்: வெளி நிலையம் ஒன்று அதே அலைவரிசையில் மோதுகிறது, அல்லது மின்வழங்கலில் அழுக்கு. சென் காலனில் வெறுமையாக இருந்த அலைவரிசை பாசலில் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது இடையூறு. டாப் பிளஸ் இயங்குவது 174 முதல் 240 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில். ஜெர்மன் சுவிஸ் பகுதிக்கான எஸ்ஆர்ஜி தொகுதி 12சி, 227 மெகாஹேர்ட்ஸில் இருக்கிறது. யுஎஸ்பி சார்ஜர், டாஷ்காம், பின்னர் மாற்றிய எல்ஈடி விளக்கு ஆகியவற்றின் மின்னழுத்தம் மாற்றும் சுற்றுகள் கக்கும் அலைகள் இந்தப் பட்டை வரை ஏறி வருகின்றன. பற்றரியில் ஓடும் கையடக்க டாப் பிளஸ் ரேடியோ ஒன்று கராஜில் இருக்கட்டும். காருக்கு வெளியே அது பாடி, கார் ரேடியோ பாடாவிட்டால் கோளாறு காருக்குள். அதையே டாஷ்காமின் வயருக்கு அருகே கொண்டுபோனதும் வாய் மூடிக்கொண்டால் குற்றவாளி அகப்பட்டான். சந்தேகப்பட்டவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது என்பது தெரியாமலே போகும்.

ஈ அடையாளம் இருக்கிறதே என்று சார்ஜரை விட்டுவிடவும் முடியாது. வட்டத்துக்குள் ஈ எழுத்தோடு 14 இருந்தால் அங்கீகாரம் கொடுத்த நாடு சுவிற்சர்லாந்து என்று பொருள். ஆனால் அந்த அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐநா விதி 10 காக்க முனைவது வாகனத்துக்கு வெளியே உள்ள வானொலிகளை. அதே காருக்குள் இருக்கும் ரேடியோவைக் காக்க எழுதப்பட்டது சிஸ்பிர் 25 என்ற வேறு தரநிலை. ஈ அடையாளம் உள்ள பொருளும் அரை மீற்றர் தூரத்தில் உள்ள அன்ரெனாவைச் செவிடாக்கலாம்.

அன்ரெனாவில் பார்க்க வேண்டியவை இவை. டாப் பிளஸ் அலை செங்குத்தாக வருகிறது; கண்ணாடியின் மேல் விளிம்பில் படுக்கையாக மட்டும் ஒட்டிய அன்ரெனா பெரும்பகுதியைத் தவறவிடும். அதன் ஏர்த் தகடு கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் உலோகத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்ரிக் மூடியில் அல்ல. வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் உள்ளே ஒட்டுவதில் பயனில்லை, வெளி அன்ரெனாதான் வழி. பிளக்கைக் கழற்றி, நடு ஊசியில் மின்னழுத்தம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். உயிர்ப்பு அன்ரெனாவுக்கு மின்சாரம் போகாவிட்டால் அது வெறும் வயர். தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால் போகட்டும். முன்னால் போனால் அது உயிர் விஷயம்.

மின்வழங்கலில் நம்மை அதிகம் ஏமாற்றுவது ஓம் அளவு. பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயரும் மீற்றரில் பூச்சியம் காட்டும். சுமையோடு அளக்க வேண்டும்: ஒலியைக் கூட்டிவைத்து, அம்பிளிபயரின் ஏர்த்துக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ற் பாருங்கள். இணைப்பில் 0.1 ஓம் இருந்தால் 20 அம்பியரில் 2 வோல்ற் அங்கேயே போய்விடும். பற்றரி உணரி உள்ள காரில் ஏர்த்தை நேரே எதிர்முனையில் முறுக்காதீர்கள். உடலில் உள்ள ஏர்த் புள்ளியில் கொடுங்கள். இல்லாவிட்டால் உணரி கணக்கைத் தவறவிடும்.

குளிர்காலம் வந்தால் வேறொரு முறைப்பாடு வரும்: காலையில் கார் எழவில்லை. ஐஎஸ்ஓ பிளக்கில் ஏ4 நிரந்தர மின்சாரம், ஏ7 சாவியோடு வருவது; சில ஃபோக்ஸ்வாகன் கார்களில் இரண்டும் இடம் மாறியிருக்கும். அடப்ரரை நிரந்தரத்தில் கொடுத்துவிட்டால் அது தூங்காது. 500 மில்லிஅம்பியர் இழுத்தால் 60 அம்பியர்மணிப் பற்றரி ஐந்து நாளில் காலி. கார் முழுதும் உறங்கிய பிறகு 50 மில்லிஅம்பியருக்கு மேல் ஓடினால் தேடுங்கள். பியூஸைப் பிடுங்காதீர்கள், உறங்கிய கணினிகள் எழுந்துவிடும். அதன் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ற் பார்த்தால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கணக்கில் எழுதக் கூசுவதுதான் நம் தொழிலின் பலவீனம். புதுப் பெட்டிக்கு விலை சொல்லும்போது குரல் தாழ்வதில்லை. அளந்து கண்டுபிடித்ததற்குப் பணம் கேட்கும்போது மட்டும் தயங்குகிறோம். இலவசமாக அளப்பவன் நாளடைவில் அளப்பதையே நிறுத்திவிடுவான். பிறகு மிஞ்சுவது மாற்றிப் பார்ப்பதும் வாடிக்கையாளர் வேறு கராஜுக்குப் போவதும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வேலைச்சீட்டிலும் நான்கு எண்கள் இருக்கட்டும்: எஞ்சின் ஓடும்போது பற்றரி மின்னழுத்தம், சுமையில் ஏர்த் இழப்பு, அன்ரெனா ஊசியில் வோல்ற், உறக்கத்தில் ஓடும் மின்னோட்டம். சோதனைக்கான தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். அந்த நான்கும் நிரம்பாமல் ஒரு ரேடியோவையும் கழற்றாதீர்கள்.

– ஆசிரியர்