வயது காத்திருக்காது

குழந்தைக்குக் குடும்பமே முதல் இடம், இல்லம் கடைசிப் புகலிடம் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். நடப்பதோ தலைகீழ். தத்தெடுக்க வருவோர் பெரும்பாலும் கைக்குழந்தையையே கேட்கிறார்கள். ஆறு வயதைத் தாண்டியவர்கள் இல்லங்களிலேயே தங்கிப்போகிறார்கள். இவர்களுக்காகத்தான் வளர்ப்புக் குடும்பத் திட்டம். குழந்தைக்கு மாதம் ரூ. 4,000 உதவித்தொகை. 2024இல் விதிகள் தளர்ந்தன. மணமாகாதவரும் வளர்க்கலாம், ஐந்தாண்டுக்குப் பதில் இரண்டாண்டிலேயே அதே குழந்தையைத் தத்தெடுக்கலாம்.

ஆனால், வீட்டைப் பார்த்து அறிக்கை தரவும், பிறகு விடாமல் கவனிக்கவும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் ஆட்கள் வேண்டும். அது தவறினால் பொருந்தாத வீட்டிலிருந்து குழந்தை மீண்டும் இல்லத்துக்கே திரும்பும், இம்முறை யாரையும் நம்பாத மனதோடு. 18 முடிந்தால் அங்கிருந்தும் வெளியேற வேண்டும். கோப்பு காத்திருக்கும், குழந்தையின் வயது காத்திருக்காது.