நிற்கும் வண்டி ஓய்வெடுப்பதில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தாமான்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு முன்புறத்தில் தார்ப்பாய் போர்த்திய பழைய வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். கேட்டால், “அப்பாவோட வண்டி, ஒருநாள் செஞ்சிடணும்” என்பார்கள். அந்த ஒருநாள் இலேசில் வருவதில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். அப்பா கிள்ளான் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் சென்ற டட்சன் 1200 பிக்கப், ஒன்பது ஆண்டுகள் சும்மா நின்றது. சென்ற மாதம்தான் அதன் வேலையை முடித்தேன்.

முடித்த பிறகு ஒரு கருத்து எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. நம்மில் பலர் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறோம். பார்த்தவுடன் தெரியும் சாயத்தில் தொடங்குகிறோம்; மறைந்திருக்கும் துரு, பிரேக், தூசி ஆகிய மூன்றையும் கடைசிக்குத் தள்ளுகிறோம். இதனால் பணம் மட்டும் வீணாவதில்லை. வீட்டில் இருப்பவர்களின் உடல்நலமும் கெடலாம்.

முதலில் துருவைப் பார்ப்போம். ஓடாத வண்டி தேயாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிந்து, துருப்பிடிப்பது வேகமெடுக்கும். நம் ஊரிலோ சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தப் படலத்துக்குள் ஒரு சிறு மின்கலமே இயங்குகிறது. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. பக்கத்திலேயே ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. கடலோரக் காற்றின் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும். தார்ப்பாய் மழையைத் தடுக்குமே தவிர, அடியில் தேங்கும் ஈரத்தை வெளியே விடாது. படிவம் 5 மாணவர்கள் ஆணியைச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்கும் அதே வேதியியல்தான் இரவு பகலாக அங்கே நடக்கிறது.

துருவானது, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். சாயம் கொப்புளம்போல் எழும்புவது அதனால்தான். அதன்மேல் புட்டி அப்பிச் சாயம் அடித்தால், உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். உலோகம் வெளுத்துத் தெரியும்வரை துருவை எடுத்துவிட்டு, துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசுங்கள். அப்போது இரும்புக்கு முன்பாகத் துத்தநாகம் அரிபட்டு அதைக் காக்கும். 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்ததும் இதே கொள்கையில்தான்.

சிறிய பாகங்களின் துருவைச் சலவைச் சோடாக் கரைசலில், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் கொண்டு மின்னாற்பகுப்பு முறையில் நீக்கலாம். பாகத்தை எதிர்முனையிலும், சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். அந்தத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் பயன்படுத்தாதீர்கள். நச்சுத்தன்மை மிக்க குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளியாவதால் திறந்தவெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 3’ வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் இந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் நின்ற வண்டியை அதே எண்ணெயோடு கெந்திங் மலையிலிருந்து இறக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தினால் சுருங்கும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

மூன்றாவதுதான் என்னை மாற்றியது. ஒரு சனிக்கிழமை, கதவின் பழைய சாயத்தை உலர்ந்த சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பியபோது, என் மகள் வண்டியின் முன்மூடியில் படிந்திருந்த தூசியில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் அந்த விரல் வாய்க்குப் போனது. பழைய வாகனச் சாயங்களிலும் பிரைமர்களிலும் ஈயச் சேர்மங்கள் இருந்ததுண்டு என்பதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் நான். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தெரிந்திருந்தும் என் வீட்டு முற்றத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். ஆகவே பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. அந்த வேலையை, ஈரமாக்கித் துடைக்கத் தெரிந்த பட்டறையிடம் ஒப்படையுங்கள். பழைய சாயத்தை நனைத்தே தேயுங்கள். மருத்துவ முகக்கவசம் போதாது; ‘பி100’ வடிகட்டி பொருத்திய கவசம் தேவை. தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கழிவுச் சேற்றைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். வேலை உடைகளைத் தனியாகத் துவையுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

“இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் பட்டறைக்கே கொடுத்துவிடலாமே” என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வீட்டில் செய்வதால் பணம் மிஞ்சும். பாடநூலில் படித்த வேதியியல் கைக்கும் வரும். உதிரிபாகம் கிடைக்காது என்பதும் பாதி சாக்குதான். 1971-இல் வந்த டட்சன் 1200 பிக்கப் வரிசை ஜப்பானில் 1994 வரையிலும், அதன் வழிவந்த வண்டி தென்னாப்பிரிக்காவில் 2008 வரையிலும் தயாரானது. தேடினால் கிடைக்கும். நான் சொல்வதெல்லாம் வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். புஸ்பாகோம் சோதனை பிரேக்கைப் பார்க்கும். உங்கள் வீட்டுத் தரையில் படிந்த தூசியைப் பார்க்காது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டிச் சென்றேன். சாயம் இன்னும் முழுதாக அடிக்கவில்லை. இடது கதவு பிரைமரின் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பிரேக் நல்லா பிடிக்குதுப்பா” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி காத்திருந்தால், இந்த வாரம் தார்ப்பாயை விலக்கி, கதவின் அடிவிளிம்பை விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை கேட்டால், சாயக்கடைக்குப் போகும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அங்கிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.