போட்டி அறிவிப்பை நான் ஏன் போடவில்லை



பொங்கலன்று எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் அதற்குள் பாதி ஊருக்குப் போய்விட்டது. தம்பி மகன் பிழைப்பில் நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டதாகப் பேச்சு. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நம் பள்ளியில் படித்தவர்கள் வரைந்ததைப் போடுவதற்கென்று நான் முகநூலில் ஒரு குழு நடத்துவது உங்களுக்குத் தெரியும். தம்பி மகன் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறான். "பெரியப்பா, உங்க குழுவுல ஒரு ஓவியப் போட்டி அறிவிப்பு போடணும், முதல் பரிசு டேப்லெட்" என்றான். சந்தோஷமாகச் சரி என்றேன். முப்பத்தோரு வருடம் விடைத்தாள் திருத்திய கண், விதிகளையும் விடாமல் வாசித்துவிட்டது. அதுதான் வினை.

வென்றாலும் தோற்றாலும், அனுப்பிய அத்தனை படங்களும் உலகம் முழுவதும் எக்காலத்துக்கும் நிறுவனத்துக்கே சொந்தம். இது ஒரு விதி. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். சட்டம் வரைபவனுக்கு விட்டுவைத்த அந்தச் சின்னத் திண்ணையையும் இடிக்கத்தான் "உலகம் முழுவதும், எக்காலத்துக்கும்" என்று எழுதுகிறார்கள். தெரியாமல் எழுதிய சொற்கள் இல்லை அவை.

அதைவிட என்னைச் சுட்டது அடுத்த விதி. அதிக லைக் வாங்கிய படத்துக்குப் பரிசாம். ஒவ்வொரு படத்தோடும் கம்பெனி பெயரைப் போட வேண்டுமாம். அப்படியென்றால் யாருக்கு ஓவியம் வேண்டும்? வரைந்த பிள்ளை அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் "லைக் போடுங்க" என்று அனுப்பும். நீங்களும் பாசத்தில் போடுவீர்கள். மசாலாப் பொடியின் பெயர் நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் காசில்லாமல் போய்ச் சேரும். சுவரொட்டி ஒட்டுகிறவருக்குக்கூடக் கூலி உண்டு. இங்கே பசை வாளியைத் தூக்குவது நம் வீட்டுப் பிள்ளை.

"பேர் கிடைக்கும் பெரியப்பா" என்றான். யார் பேர்? படத்தின் கீழே வரைந்தவர் பெயர் இருக்கும் என்று விதிகளில் ஒரு வரி இல்லை.

நான் விளம்பரத்துக்கு எதிரி இல்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் கடைப் பெயரைச் சுமந்துகொண்டுதான் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. விகடனில் கொடிகட்டிப் பறந்த கோபுலு, பிறகு விளம்பரத் துறைக்குப் போய்ச் சொந்தமாக நிறுவனமே நடத்தினார். வணிகத்துக்கு வரைவது இழுக்கில்லை. கூலியில்லாமல் வரையச் சொல்வதுதான் இழுக்கு.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 2011-ல் மோல்ஸ்கின் என்ற நோட்டுப் புத்தகக் கம்பெனி லோகோவுக்குப் போட்டி வைத்தது. அதன் நோட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிய ஓவியர்களே கொதித்தெழுந்தார்கள்.

தம்பி மகனிடம் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. குழுவில் எல்லார் படங்களையும் பாருங்கள், பிடித்த மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள், மாதிரி வரைவதற்கே ஒரு தொகை கொடுங்கள், எடுத்துக்கொள்ளும் படத்துக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள், எங்கே எத்தனை நாள் பயன்படுத்துவீர்கள் என்று எழுதுங்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் குழுவின் உச்சியில் நானே பின் செய்து வைக்கிறேன். "இதுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல" என்றான். டிவி விளம்பரத்துக்குப் பட்ஜெட் இருக்கிறது. அதை எடுக்கும் கேமராக்காரருக்கு டேப்லெட்டைக் காட்டிப் பார்க்கட்டுமே! அங்கேதான் குரல் உயர்ந்தது. நான் கத்தியது தப்பு. பண்டிகை நாளில் பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனது இன்னும் உறுத்துகிறது. அவனுக்கு மேலே இருப்பவர்கள் சொன்னதை அவன் செய்தான் என்பதும் தெரியும்.

ஆனால் அறிவிப்பைப் போட மாட்டேன். குழுவில் பாதிப் பேர் கல்யாண மேடைக்கும் கடைப் பலகைக்கும் வரைந்து பிழைக்கிறவர்கள். "சார் போட்டிருக்கார்" என்றால் விதியைப் படிக்காமலே அனுப்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையை நான் யாருக்கும் வாடகைக்கு விட முடியாது.

வேறு குழுவில் பார்த்து ஏற்கெனவே படம் அனுப்பியவர்கள் இருந்தால், மூலப் படத்தையும் அனுப்பிய தேதியையும் பத்திரமாக வையுங்கள். விதிகளைப் படம்பிடித்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். தம்பி மகனும் வரலாம். அவன் பெரியம்மா அவனுக்கென்று அதிரசம் எடுத்து வைத்திருக்கிறாள்.