ஜகன்டீயாவின் கற்களும் ஷாராவின் அவரை வயலும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, குடும்பத்தோடு மால்டா போகிறோம். நீங்கள் போய் வந்தவர். பக்கத்தில் இருக்கும் கோஸோ தீவுக்கு அரை நாள் போதுமா?" என்று கேட்டார்.

போதாது என்றேன். ஏன் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கிறது மால்டா. அதற்கு வடமேற்கே கோஸோ. பரப்பு 67 சதுர கிலோமீட்டர்தான். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 39 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். மால்டாவிலிருந்து கப்பலில் 25 நிமிடம். என் மகள் மால்டாவில் செவிலியராக இருப்பதால், நானும் என் மனைவியும் இரண்டு முறை அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தது.

முதல் முறை நாங்களும் அரை நாள் ஆட்கள்தான். வேனில் ஏற்றினார்கள், ஐந்து இடங்களைக் காட்டினார்கள், மாலையில் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அதில் ஷாரா என்ற ஊரில் உள்ள ஜகன்டீயா கோயில்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். படம் எடுத்தோம், வந்துவிட்டோம்.

சாதாரண இடம் அல்ல அது. கி.மு. 3600 முதல் 3200 வரையிலான காலத்தில் கட்டப்பட்ட இரண்டு கற்கோயில்கள். எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தவை. உலோகக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் கட்டியிருக்கிறார்கள். சில கற்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஐம்பது டன்னுக்கு மேல் எடை. வெளிச்சுவருக்குக் கடினமான சுண்ணாம்புக்கல், உள்வாசல்களுக்கும் பீடங்களுக்கும் செதுக்க எளிதான மென்மையான சுண்ணாம்புக்கல் என்று பிரித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். யுனெஸ்கோ 1980இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே சில கற்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வகுப்பறை பெஞ்சைக் காம்பஸால் கிழிக்கும் பையன்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

இரண்டாம் முறை, ஓர் ஏப்ரல் தொடக்கத்தில், ஷாராவிலேயே அறை எடுத்து நான்கு நாள் தங்கினோம். அப்போதுதான் முதல் முறை எதைத் தவறவிட்டோம் என்று புரிந்தது.

ஊரைத் தாண்டி நடந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக இறங்கும் வயல்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள். ஓரங்களில் சப்பாத்திக்கள்ளி. மாட்டுத் தீவனமாக வளர்க்கும் ‘சில்லா’ என்ற செடி செக்கச் செவேல் என்று பூத்துக் கிடந்தது. ஒரு வயலில் பெரியவர் ஒருவர் காய் பறித்துக்கொண்டிருந்தார். நம் மொச்சையைப் போலப் பெரிய கொட்டை உள்ள அவரை. அங்கே ‘ஃபூல்’ என்கிறார்கள். என் மனைவி வேலியோரம் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒரு கை நிறையக் கொடுத்தார். தோலை உரித்துப் பச்சையாகவே தின்னலாம் என்று காட்டினார்.

பிறகு கோயில் பக்கம் கையைக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு கதை சொன்னார். அந்தக் கோயிலைக் கட்டியவள் சன்சூனா என்ற அரக்கி. இடுப்பில் குழந்தை, தலையில் பாறை. அவ்வளவு பலம் அவளுக்கு எப்படி வந்தது? அவள் சாப்பிட்டது இந்த அவரையும் தேனும் மட்டும்தான்! ஜகன்டீயா என்ற பெயரே ராட்சசரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கதை முதல் பயணத்திலும் வந்தது. வேனில் வழிகாட்டி ஒரு வரியில் சொன்னார், சிரித்தோம், மறந்தோம். அவரை கையில் இருக்கும்போது கேட்ட கதையை இன்றுவரை மறக்கவில்லை. பாடம் நடத்தியவர்களுக்கு இதன் வித்தியாசம் தெரியும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். கல்லுக்கு வேலி போட்டு, சீட்டு கொடுத்து உள்ளே விடுவதால் மட்டும் ஒரு தொன்மையான இடம் காப்பாற்றப்படுவதில்லை. கல்லைச் சுற்றி உள்ள வயல், சுவர், ஊர், பேச்சு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். அவரை வயல் போய்விட்டால் சன்சூனாவின் கதை காட்சியகத்தில் ஒரு பலகை வாசகமாக மட்டும் மிஞ்சும்.

இதற்கு ஜகன்டீயாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1827இல் அன்றைய ஆங்கிலேய நிர்வாகத்தின் அதிகாரி ஒருவர் கோயிலை மூடியிருந்த மண்ணை அகற்றினார். கற்கள் வெளியே தெரிந்தன. ஆனால் முறையான குறிப்பு எதுவும் இல்லாமல் மண்ணை வாரிக் கொட்டிவிட்டார்கள். கோயிலில் வழிபட்டவர்களைப் பற்றி அந்த மண் சொல்லியிருக்கக்கூடிய செய்திகள் அதோடு போயின. அதே ஊரில் உள்ள நிலத்தடி இடுகாட்டை 1987 முதல் 1994 வரை முறைப்படி தோண்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் கிடைத்தன. ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரட்டை உருவச் சிற்பமும் கிடைத்தது. அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் புதைத்தார்கள் என்பதை அந்த மண்ணிலிருந்துதான் படித்தார்கள்.

அன்று கல்லை வைத்துக்கொண்டு மண்ணை எறிந்தார்கள். இன்று அரை நாள் பயணத்தில் கல்லை மட்டும் பார்த்துவிட்டு ஊரை எறிந்துவிட்டு வருகிறோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். கத்தோலிக்க ஊர் அது. ஆனால் அந்த நோன்புக்கு அவர்கள் மொழியில் பெயர் ‘ரண்டான்’. ரம்ஜான் என்ற சொல்லின் உறவு! கடவுளை ‘அல்லா’ என்றுதான் அழைக்கிறார்கள். அரபு வழி வந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். அந்தத் தீவு யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு முழுவதும் அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. தட்டை ரொட்டியான ‘ஃப்டீரா’ செய்யும் மரபை 2020இலும், ‘ஆனா’ என்ற நாட்டுப்பாடலை 2021இலும் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ரொட்டியும் பாட்டும் நாற்பது நிமிடத்தில் வராது.

கல் தானே நிற்கும். ஊர் தானே நிற்காது. 1551இல் துருக்கியப் படை கோஸோவில் இறங்கி சுமார் 5,000 பேரை அடிமைகளாகக் கொண்டுபோனது. தீவே ஏறக்குறைய காலியானது. கோயில் கற்கள் அப்படியே கிடந்தன. பிறகு மக்கள் வந்து குடியேறி, உழுது, சுவர் அடுக்கி ஊராக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அவர்கள் வழிவந்தவர்களின் உழைப்பு.

அந்த உழைப்புக்கு இப்போது வேறு ஆபத்து வந்திருக்கிறது. ஊரின் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டுமானக் கிரேன் தெரிகிறது. ஜகன்டீயாவுக்கு அருகிலேயே அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்து, பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. கல் அடுக்கிய சுவர்களுக்கு அங்கே 1997 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றின் இடுக்கு வழியே மழைநீர் கசிந்து வெளியேறும், மண் தங்கிவிடும். ஆனால் சட்டம் சுவரைக் காக்கலாம், சரிந்தால் திரும்ப அடுக்கும் கையை எங்கிருந்து கொண்டுவரும்?

கோஸோவின் மேற்குக் கரையில் ‘நீலச் சாளரம்’ என்று ஒரு பாறை வளைவு இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலில் விழுந்துவிட்டது. அது இயற்கை செய்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. வயலின் மேல் கான்கிரீட் போடுவது அப்படி அல்ல, நாமாக முடிவு செய்து செய்வது.

இதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்பா, நான் குடியிருப்பதும் புதுக் கட்டடம்தானே? வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்? அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டாமா?"

நியாயமான கேள்வி. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் படத்துக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் பழைய வீட்டிலும் வெயில் வயலிலும் கிடக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வயலை விற்றால் ஒரே நாளில் பெரும் பணம், வைத்திருந்தால் ஒரு கூடை அவரை என்று இருந்தால் யார்தான் வைத்திருப்பார்கள்? அந்தக் கணக்கை மாற்றுவதில் வருகிறவர்களுக்கும் பங்கு உண்டு. நம் பணம் வேன் கம்பெனிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் மட்டும் போனால், வயல் யாருக்கும் லாபம் இல்லை. ஊரில் தங்கி, அந்த ஊர் அவரையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தேனும் வாங்கிச் சாப்பிட்டால், அந்த நிலத்துக்கு நிலமாகவே ஒரு மதிப்பு வரும். இது மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கறாராகச் சொல்வது அரசின் வேலை. நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம் அல்லவா?

எனவே என் மாணவருக்கும், போகப் போகிற மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். ஐந்து இடம் வேண்டாம். ஷாராவில் இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் கோயிலைப் பாருங்கள், பிறகு வயல் வழியாக ரம்லா கடற்கரைக்கு நடந்து இறங்குங்கள். செம்மண் நிறத்தில் மணல் இருக்கும். அங்குள்ள மணல்மேட்டுச் செடிகளை மிதிக்காதீர்கள், அந்தத் தீவுகளில் மணல்மேடு மிச்சமிருக்கும் இடங்களே குறைவு. பிள்ளைகளை அழைத்துப் போனால், ஒரு சுவரின் முன் நிறுத்தி, சாந்து இல்லாமல் இது எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பெரியவர் கொடுத்த அவரையின் காய்ந்த தோல் ஒன்று இன்னும் இருக்கிறது. முதல் பயணத்தில் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்கள் எந்தப் பழைய போனில் இருக்கின்றன என்று தெரியவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். என் மகளும் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்