ஆள் போன பிறகு கேமரா எதற்கு?

சென்னையின் பழம்பெருமையைப் படம் பிடிக்கிறோம் என்று பலர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் படத்தில் வருவது என்ன? சிவப்புக் கட்டிடம், கோபுரம், தூண். பின்னால் வீணை. கம்பீரக் குரலில் வர்ணனை.

அந்தக் கட்டிடத்தில் உழைத்த மனுஷன் எங்கே? அவரைக் காணோம்!

சென்னையில் டிராம் ஓட்டம் 1953இல் நின்றது. அன்று 20 வயது வாலிபராக டிக்கெட் கிழித்தவருக்கு இன்று 90ஐத் தாண்டிவிட்டது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. அங்கே கடை போட்டவர்களும் தறி ஓட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு?

கப்பலில் வந்த யோசனை

செட்டிநாட்டுக்காரர் ஏ.கே.செட்டியாருக்கு 1937இல் கப்பலில் போகும்போது ஒரு யோசனை வந்தது. காந்திஜியைப் பற்றி முழு டாகுமெண்டரி எடுக்க வேண்டும். பலரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. சுமார் 1 லட்சம் மைல் சுற்றினார். நாடு நாடாகப் போய், யார் யாரோ எடுத்துப் பெட்டியில் போட்டிருந்த பிலிமைச் சேர்த்தார். அது சுமார் 50 ஆயிரம் அடி! 1940இல் தமிழில் படம் வெளிவந்தது.

எல்லாம் தேடியவர் அவர். நாம் செய்தது என்ன? அந்தப் படத்தையே தொலைத்தோம். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வலை போட்டுத் தேடியபோது கைக்குக் கிடைத்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த சுருக்கிய ஆங்கிலப் பிரதி. நம்ம ஊர்க்காரர் எடுத்த படத்துக்கு நாம் கடல் கடந்து போக வேண்டியிருந்தது!

இதில் பாடம் இரண்டு. காலத்தோடு எடுக்க வேண்டும். எடுத்ததைக் காப்பாற்ற வேண்டும்.

என்ன செய்யலாம்?

டைரக்டர்கள் முதலில் வர்ணனையைக் குறைக்கட்டும். மில் தொழிலாளியை நாற்காலியில் உட்கார வைத்து, "உங்கள் அனுபவம் எப்படி?" என்றால் அவர் "நல்லா இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான். மில் வாசலுக்கே அழைத்துப் போய், "சங்கு எத்தனை மணிக்கு ஊதும்? சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பீங்க?" என்று கேட்டால் கதை தானாக வரும்.

வெளியே காட்டச் சம்மதமா என்று அவரிடமே கேட்க வேண்டும். பெயர், ஊர், தேதி எழுதி வைக்க வேண்டும். படத்தில் 2 நிமிஷம்தான் வரும். வெட்டிய மீதி 2 மணி நேரப் பேச்சைக் குப்பையில் போடக் கூடாது. நாளைக்கு அதுதான் சரித்திரம்.

ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பினால் அது ஒருநாள் கைவிட்டுவிடும். குறைந்தது மூன்று பிரதி, வேறு வேறு இடத்தில் வேண்டும். அதில் ஒன்று நூலகத்துக்குப் போகட்டும். பணம் கொடுக்கிற அமைப்புகள் இதையும் நிபந்தனையாகப் போட்டால் என்ன?

கோட்டையும் கோபுரமும் அடுத்த மாசமும் அங்கேயே நிற்கும். டிராம்காரர் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள்!