கணக்கெடுப்பில் எண்ணாகக்கூட இடம்பெறாத ஈரான் கிராமங்கள்

மழை பெய்யாவிட்டால் தலைநகர் டெஹ்ரானில் தண்ணீரைப் பங்கிட்டு வழங்க நேரிடும், வறட்சி தொடர்ந்தால் நகரைவிட்டே மக்கள் வெளியேற வேண்டியிருக்கும் என்று ஈரான் அதிபர் மசூத் பெசெஷ்கியான் 2025 நவம்பரில் எச்சரித்தது உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால், தண்ணீரின்றி ஊரைவிட்டுக் கிளம்புவது ஈரானின் சிற்றூர்களுக்குப் புதிதல்ல. அவை காலியாவது செய்தியாவதில்லை. அரசின் புள்ளிவிவரத்திலும் அது முழுமையாகத் தெரிவதில்லை.

ஈரானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாகாணம், மாவட்டம், வட்டம், ஊரக வட்டாரம் எனப் படிப்படியாக இறங்கி ஒவ்வொரு குடியிருப்பையும் பதிவு செய்கிறது. ஒரு சிற்றூருக்கு அதில் கிடைப்பது ஒரு வரி மட்டுமே: பெயர், குடும்பங்கள், மக்கள் எண்ணிக்கை. மூன்று, நான்கு குடும்பங்களுக்கும் குறைவாக வசிக்கும் ஊர் என்றால் அந்த எண்களும் வெளியிடப்படுவதில்லை. கடைசியாக எஞ்சியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை அட்டவணையைப் பார்ப்பவர் அறிய வழியில்லை.

இத்தகைய குடியிருப்பைப் பாரசீகத்தில் 'ஆபாதி' என்பர். ஹைதராபாத், அகமதாபாத் பெயர்களில் உள்ள 'ஆபாத்' என்பதிலிருந்து பிறந்த சொல் இது. இந்தியிலும் உருதுவிலும் அதே 'ஆபாதி'க்கு மக்கள்தொகை என்று பொருள்.

1956-ல் நடைபெற்ற முதல் தேசியக் கணக்கெடுப்பின்போது ஈரானியர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். 2016-ல் அது 26 சதவீதமானது. விகிதம் மட்டும் சரியவில்லை. 1996-ல் சுமார் 2.3 கோடியாக இருந்த கிராம மக்கள்தொகை 2016-ல் 2.07 கோடியாகக் குறைந்தது. அதே காலத்தில் நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 2 கோடி கூடியது. இந்தச் சரிவு முழுவதையும் இடப்பெயர்வு என்று கொள்ள முடியாது. 1956-ல் சுமார் 200 ஆக இருந்த நகரங்களின் எண்ணிக்கை 2016-ல் 1,200-ஐத் தாண்டியது. நகரமாகத் தரம் உயர்த்தப்பட்ட கிராமங்களும் இதில் அடங்கும்.

எனினும் பாலைவனத்தை ஒட்டிய கிழக்குப் பகுதியில் காரணம் வேறு. குங்குமப்பூ விளையும் தெற்கு கொராசன் மாகாணத்தில் பல ஊர்கள் கனாத்தை நம்பி எழுந்தவை. மலையடிவார நிலத்தடி நீரை, மென்சரிவான சுரங்கக் கால்வாய் வழியே மோட்டார் ஏதுமின்றி வயலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இது. நீர்மட்டம் தரும் அளவுக்கு மேல் கனாத் ஒரு சொட்டும் எடுக்காது. 1960-களின் நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் கனாத்துகளைப் பராமரித்து வந்த பழைய அமைப்பு தளர்ந்தது; ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. நீர்மட்டம் இறங்க, கனாத்துகள் வறண்டன. இம்மாகாணத்தின் பலதே கனாத் உட்பட 11 கனாத்துகளை 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம்பெறாத சிறு கனாத் தூர்ந்துபோனால், அதை நம்பிய ஊருக்கு வேறு நீராதாரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆட்சியாளர்களின் கவலையோ பிறப்பு விகிதத்தைப் பற்றியது. 1980-களில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கும் மேல் இருந்த சராசரி, 2000-ஆம் ஆண்டையொட்டி இரண்டாகக் குறைந்தது. கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. ஊர்தோறும் அமைந்த சுகாதார இல்லங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இப்போக்கை மாற்ற 2021-ல் இயற்றப்பட்ட சட்டம் அதிகக் குழந்தை பெறுவோருக்குக் கடனும் நிலமும் அளிக்கிறது. அரசு மருத்துவ அமைப்பில் இலவசக் கருத்தடைச் சாதனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறி, முதியவர்கள் மட்டும் தங்கிய ஊரில் இச்சலுகையைக் கேட்டு வாங்க ஆளில்லை. அங்கே தேவைப்படுவது தண்ணீர்.

வெளியேறுவோர் செல்வது பிர்ஜந்துக்கு, மஷாதுக்கு, டெஹ்ரானுக்கு. மஷாதுக்குக் குடிநீர் தரும் அணைகளில் 2025 நவம்பரில் எஞ்சியிருந்தது கொள்ளளவில் 3 சதவீதத்துக்கும் குறைவான நீரே.